பதினொரு சிறு எலும்புகள்

என் தம்பி விஷயமாகப் பட்டாளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு தரம் ஆள் வந்தது.

முதல் தரம் வந்தபோது லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். எனக்கு இருபத்தொன்பது வயது, தம்பிக்கு இருபத்திரண்டு. வடக்கே எல்லைக் காட்டில் அவர்கள் காவல் இருந்த இடத்தில், அடைமழையில் மலை சரிந்து இரண்டு பேரை மூடிவிட்டது, அதில் ஒருவன் உங்கள் தம்பி, பத்து நாள் தோண்டியும் அகப்படவில்லை என்று வந்த அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் மரப்பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு நான்கு வயது, எனக்குப் பதினொன்று. அன்றிலிருந்து சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு விரட்டியது எல்லாம் நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

உடம்பு இல்லாமல் படத்தை வைத்துக் கருமாதி செய்தோம். படத்துக்குப் பொட்டு வைக்கலாம், மாலை போடலாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி? வாய்க்கரிசி போடுவது எப்படி? கண்ணாடிச் சட்டத்தின் மேல் போட்ட அரிசி சறுக்கிக் கீழே விழுந்தது. பக்கத்து வீட்டுக் கோழி வந்து கொத்திக்கொண்டு போனது. அன்று ஒன்று நினைத்துக்கொண்டேன். என்றைக்காவது அவன் கிடைப்பான். கிடைத்தால் ஒரு எலும்பு விடாமல் என் கையால் தண்ணீர் ஊற்றி, அரிசி போட்டு, எரித்து, சாம்பலைப் போர்ட்டிக்சன் கடலில் கரைப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிறுக்கு என்பார்கள். நாற்பத்தேழு வருஷம் அப்படியே வைத்திருந்தேன்.

இரண்டாவது தரம் ஆள் வந்தது போன வருஷம், அம்பாங்கானில் என் மகள் வீட்டுக்கு. வந்தவர் நம் தமிழ்ப் பிள்ளை, சார்ஜன். வாசலில் பூட்ஸைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். வடக்கே அந்தக் காட்டில் ஓர் ஓடை கரையை அரித்துவிட்டதாம். பிரம்பு வெட்டப் போனவர்கள் ஒரு பழைய பூட்ஸ் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பட்டாளம் போய்த் தோண்டியதில் இரண்டு பேருடைய எலும்புகள் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. அன்றைக்கு மண் மூடிய இரண்டு பேர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஒருவன் என் தம்பி. இன்னொருவர் அவனுக்கு மேலே இருந்த மலாய்க்காரர், கோப்ரல். எது யாருடைய எலும்பு என்று பிரிப்பதற்கு ரத்த உறவு வேண்டும் என்றார் சார்ஜன்.

"உங்கள தவிர கூடப் பொறந்தவங்க வேற யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"நான் ஒருத்திதான். நான் போதும்."

ரத்தம் எடுக்கப் போகிறார் என்று முழங்கை வரை சட்டையை ஏற்றிக் கையை நீட்டினேன். அவர் ஒரு சின்னக் குச்சியில் சுற்றிய பஞ்சால் என் கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவி, குழாயில் போட்டு மூடிக்கொண்டார். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான், அதிலேயே உங்கள் அப்பா அம்மா எல்லாரும் இருக்கிறார்கள் என்றார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தரம் போன் செய்வார். இன்னும் ஒன்றும் தெரியவில்லை, தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்பார். எனக்கு அதுவே ஆச்சரியம். தோட்டத்தில் ஆபீசுக்கு ஒரு கடுதாசி கொடுத்தால் அதற்குப் பதில் வாங்க நாலு தரம் கணக்கு எழுதும் கிராணி முன்னால் போய் நின்ற ஆட்கள் நாங்கள்.

ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ, வந்து பார்க்கலாம் என்று அழைப்பு வந்தது. மகள் காரில் கூட்டிப் போகிறேன் என்றாள். பட்டாளத்து வண்டி வரும் என்று சார்ஜன் சொல்லியிருந்ததால் அதில்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் பச்சை வண்டி வாசலில் வந்து நின்றதும் தெருவே எட்டிப் பார்த்தது.

"என்னா பாட்டி, ஆர்மியில சேந்துட்டீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரன் கேட்டான்.

"ஆள் பத்தலையாம் லா. நீ சமையலுக்கு வர்றியா?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். வாய் அப்படிப் பேசியதே தவிர, வண்டி கிளம்பியதும் நான் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தது சார்ஜனுக்குத் தெரியும். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கேம்புக்குள் ஆஸ்பத்திரி மாதிரி ஒரு கட்டடம். கடைசி அறையின் கதவுக்கு வெளியே ஒரு சிப்பாய் விறைப்பாக நின்றான். உள்ளே விலை உயர்ந்த மிஷின் ஏதாவது இருக்கிறதா, எதற்குக் காவல் என்று கேட்டேன்.

"கேம்புக்குள்ள வந்து யாரும்மா தூக்கிட்டுப் போகப் போறா," என்றார் சார்ஜன். "காட்டுலருந்து கொண்டு வந்த நாள்லருந்து ஆள் மாத்தி ஆள் நிக்கிறாங்க. தனியா விடக்கூடாதுன்னுதான்."

நாற்பத்தேழு வருஷம் காட்டில் கிடந்தவனுக்கு இப்போது துணைக்கு ஆள்.

அறைக்குள் நீளமான இரண்டு மேஜைகள், இரண்டிலும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. எலும்பு பார்க்கிற டாக்டர் ஒரு மலாய்ப் பெண், தலையில் துடோங் முக்காடு, மேஜர் பதவி. வயது என் மகள் வயதுதான் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு மேஜைக்கு முன் நேராக நின்று சல்யூட் வைத்தார். பிறகு என் தம்பியின் நம்பரையும் பெயரையும் சொல்லி, உங்கள் அக்கா வந்திருக்கிறார், துணியை எடுக்கிறேன் என்றார். என்னிடம் இல்லை. அவனிடம். எப்போதும் அப்படிச் சொல்லித்தான் தொடுவாராம். கையை நகர்த்தினால் கையை நகர்த்துகிறேன் என்று சொல்வாராம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, சொல்லாமல் தொட எனக்கு மனம் வரவில்லை என்றார்.

துணிக்குக் கீழே என் தம்பி இருந்தான். எலும்புகள் தேத்தண்ணீர்க் கறை நிறத்தில் இருந்தன. தலையிலிருந்து கால் வரை அந்தந்த எலும்பு அந்தந்த இடத்தில். கிடைக்காத எலும்புக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அடுத்ததை நகர்த்திப் பள்ளத்தை மறைக்கவில்லை. விலா எலும்புகள் சீப்பின் பல் மாதிரி வரிசையாக இருந்தன. மூன்று வாரம் சிப்பாய்கள் ஓடைக்கரையில் முட்டி போட்டு, அட்டைக் கடியோடு, மண்ணைச் சல்லடையில் போட்டு மூன்று தரம் அலசினார்களாம். கூழாங்கல் எது, பல் எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்களாம். நான் அரிசியில் கல் பொறுக்கியவள். எனக்குத் தெரியும், ஒரு படி அரிசிக்கே கண் எவ்வளவு வலிக்கும் என்று. ஒரு மலையையே பொறுக்கியிருக்கிறார்கள்.

அடுத்த மேஜைக்குப் பக்கத்தில் என் வயதில் ஒரு மலாய்க்கார அம்மா உட்கார்ந்திருந்தார். ரெம்பாவிலிருந்து வந்தவர், அந்தக் கோப்ரலுக்கு அக்கா. அவருக்குப் பின்னால் அண்ணன் தம்பி பிள்ளைகள் மூன்று ஆண்கள் கை கட்டி நின்றார்கள். அந்தப் பக்கத்து மலாய்க்காரர்களுக்கு வீடும் நிலமும் பெண்கள் வழிதான். பேச்சும் அவருடையதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு சின்னத் தட்டு இருந்தது. கறுப்புத் துணி விரித்து அதில் பதினொரு துண்டுகள். விரல் எலும்பு, பாதத்து எலும்பு, சிலது புளியங்கொட்டை அளவுகூட இல்லை. மேஜர் மெதுவாக, எனக்குப் புரிகிற மலாயில் சொன்னார். மற்றதையெல்லாம் பிரித்துவிட்டோம். இந்தப் பதினொன்றையும் பிரிக்க முடியவில்லை. இன்னும் சோதிக்க வேண்டுமென்றால் பொடி செய்ய வேண்டும். பொடி செய்தால் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பொடி திரும்பி எலும்பாகாது. நீங்கள் இரண்டு பேரும் சொல்லும் வரை நான் அதைச் செய்ய மாட்டேன்.

நான் தட்டைக் குனிந்து பார்த்தேன். ஒரு விரல் எலும்பில் குறுக்கே ஒரு கோடு, பழைய வெட்டு ஆறிய மாதிரி. தம்பிக்குப் பதின்மூன்று வயதில் என்னோடு ரப்பர் மர நிரைக்கு வந்தபோது, மரம் சீவும் கத்தி வழுக்கி இடது கை ஆள்காட்டி விரலில் எலும்பு வரை இறங்கிவிட்டது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டியவள் நான். அறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக, தோட்டத்து மலாயில், இது என் தம்பி விரல், கத்தி பட்ட விரல், எனக்கு மிஷின் வேண்டாம் என்று சொன்னேன். மேஜர் கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆமாம், கத்தி பட்டு ஆறிய வெட்டுத்தான் என்றார். நான் சார்ஜனைப் பார்த்தேன். பார்த்தீர்களா என்கிற பார்வை.

அப்போதுதான் அந்த ரெம்பா அம்மா எழுந்து வந்தார். தன் இடது கையைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். ஆள்காட்டி விரலில் குறுக்கே வெள்ளைத் தழும்பு.

"நாங்களும் பால் மரம் வெட்டினவங்கதான், காக்," என்றார், மலாயில் என்னை அக்கா என்று அழைத்து. "எங்க சொந்தத் துண்டு நிலத்துல. என் தம்பிக்கும் இதே விரல்."

நான் என் கையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நாற்பது வருஷம் பால் மரம் வெட்டிய கை. எனக்கும் அதே விரலில், அதே இடத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பேச்சு எழுந்தது. நான் எரிக்க வேண்டும் என்றேன். அவர் தன் தம்பியின் ஒரு துண்டும் நெருப்பில் போகக் கூடாது என்றார். பள்ளிவாசல் மண்ணில் கொண்டுபோய்ப் புதைத்துவிடலாமா என்று பின்னால் நின்ற ஆண்களில் ஒருவர் கேட்டார். தண்ணீர் ஊற்றாமல் அரிசி போடாமல் என் தம்பி விரல் எங்கேயும் போகாது என்றேன். பொடி செய்வதற்கு இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை. அதில் மட்டும் ஒற்றுமை. மேஜர் எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். இப்போதே முடிவு சொல்ல வேண்டியதில்லை என்றார். ஒரு வருஷம் ஆகட்டும், பத்து வருஷம் ஆகட்டும், நான் மாற்றலாகிப் போனால் எனக்குப் பின் வருகிறவர் பார்த்துக்கொள்வார், கதவுக்கு வெளியே ஆள் நிற்பார் என்றார். சும்மா ஆறுதலுக்குச் சொன்னதில்லை. அது ஒரு வேலைக் கட்டளை மாதிரி இருந்தது.

எங்கள் இரண்டு பேரையும் பக்கத்து அறையில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். நான் கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த அம்மா, உங்கள் தம்பிக்கு மீன் டப்பா பிடிக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன். என் தம்பி கடைசியாகப் போட்ட கடுதாசியில், இங்கே ஒரு தோட்டத்துப் பையன் இருக்கிறான், என் மீன் டப்பாவைத் திருடித் தின்றுவிட்டுக் காலி டப்பாவை என் பூட்ஸுக்குள் வைக்கிறான் என்று எழுதியிருந்தான் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்க ஆள்தான். அதுக்கு மிஷின் வேணாம்."

"அடிச்சிருக்கானாம் ஒரு நாள்."

"நல்லா அடிச்சிருக்கணும். வீட்டுலயும் அப்படித்தான், சட்டியில மீனு தங்காது."

அவரும் சிரித்தார், துடோங் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு. சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் கண் துடைக்க வேண்டியிருந்தது. அவர் தம்பிக்கு இருபத்தாறு வயதாம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்களாம்.

"நீங்களும் கொண்டு போக வேணாம், நானும் கொண்டு போகல," என்றார் அந்த அம்மா. "இங்கயே வெச்சிடலாம். பட்டாளம் பாத்துக்கும்."

உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. ஒரு எலும்பு விட மாட்டேன் என்று நினைத்தவள் நான். அதை நினைத்துக்கொண்டுதான் அவ்வளவு வருஷம் எழுந்ததும் படுத்ததும். ஆனால் இந்தப் பதினொன்றில் எது அவன் என்று எனக்கே தெரியாதபோது, எல்லாம் எனக்குத்தான் என்று சொல்வது அந்த அம்மாவின் தம்பியைத் திருடுவது. மீனைத் திருடியது போதும். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். புதைக்கும் முன்னால் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றி அரிசி போட விட வேண்டும். இதில் அவர்களுக்கு வேதப்படி ஏதாவது குறையா என்று பட்டாளத்து மதகுரு உஸ்தாஸை வரவழைத்துக் கேட்டார்கள். அவர் வயதானவர். நாங்களும் தண்ணீர் ஊற்றித்தான் அனுப்புகிறோம் என்றார். அரிசி விஷயத்தில் கொஞ்சம் யோசித்தார். அந்த ரெம்பா அம்மா அவரை யோசிக்க விடவில்லை.

"அரிசிதானே, உஸ்தாஸ். என் தம்பியும் சோறு தின்னவன்தான். பக்கத்துல வைக்கட்டும்."

மூன்று கடுதாசியில் கையெழுத்துப் போட்டோம். நான் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும் வரை மேஜர் பேனாவின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் தம்பியை அடுத்த வாரம் அம்பாங்கானுக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு கூடையில் அடங்குகிற எலும்புகளுக்கு ஆள் உயரப் பெட்டி. உள்ளே அவன் அளவுக்குத் தைத்த புதுச் சட்டை கால்சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல், பொத்தான் எல்லாம் போட்டு, எலும்புகளின் மேல் விரித்திருந்தார்கள். ஆறு பேர் தோளில் தூக்கினார்கள். நான் அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு லேசான பெட்டியை வேகமாகக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். ஒரு முழு ஆளின் கனத்தோடு, ஒரே மாதிரி அடி வைத்து, நிறுத்தி நிறுத்தி வந்தார்கள். வழியில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை, ஆறு பேரும் சேர்ந்து அதைச் சுற்றி வந்தார்கள். தண்ணீர் ஊற்றினேன், அரிசி போட்டேன். இந்தத் தரம் அரிசி சறுக்கவில்லை. எரித்துப் போர்ட்டிக்சன் கடலில் கரைத்தோம். கொடியை மடித்துச் சார்ஜன் என் கையில் கொடுத்தபோது, அவன் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார்.

பதினொரு எலும்புகளைப் புதைத்தது அதற்கு அடுத்த வெள்ளிக்கு முந்தின நாள். கேம்பின் ஓரத்தில், முள்வேலிக்கு உள்ளே, புல் வெட்டிய ஒரு துண்டு நிலம். எங்கள் பக்கத்தில் பெண்கள் புதைக்கிற குழிமேட்டுக்குப் போவதில்லை, லயத்து முனையிலேயே நின்றுவிடுவோம். அன்று எனக்கும் ரெம்பா அம்மாவுக்கும் அங்கேயே இரண்டு நாற்காலி போட்டு, மேலே துணிப் பந்தல் கட்டியிருந்தார்கள். தட்டுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். அவரும் ஊற்றினார். அரிசி வைத்தேன். உஸ்தாஸ் தன் ஆளுக்காகச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். துண்டுகளை மேஜரே ஒவ்வொன்றாக எடுத்து, என் மடியில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டியில் வைத்தார். யார் என்று தெரியாததால் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, பெட்டியில் வைக்கிறேன் என்றார். பதினொரு தரம் இரண்டு பெயர்.

குழி இன்னும் வெட்டவில்லை. இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். நாலு சிப்பாய்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். சார்ஜன் கையில் திசைகாட்டியோடு எங்களிடம் வந்தார். உங்களைக் கேட்காமல் வெட்ட வேண்டாம் என்று மேஜர் சொல்லியிருக்கிறார், உங்களுக்கு எந்தத் திசை என்று இன்னொரு தரம் கேட்டார்.

"நமக்குத் தெக்கால தல," என்றேன். "வடக்க காலு."

ரெம்பா அம்மா அவர்களுக்கு வடக்கே தலை, வலப்பக்கம் சாய்ந்து, மேற்கே அவர்கள் தொழும் திசையான கிப்லாத்தைப் பார்த்த முகம் என்றார். சார்ஜன் திசைகாட்டியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே குழிதாம்மா. தெக்கு வடக்கு," என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். கிப்லாத் நேர் மேற்கு இல்லையாம், சற்று வடக்கே சாய்ந்ததாம். அவர்களுக்குச் சரியாக வர வேண்டுமென்றால் கயிறு கோணலாகப் போகும். நேராகத்தான் வேண்டுமென்றால் நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொன்னபடிதான் அடித்திருக்கிறோம் என்றார் என்னிடம்.

உண்மைதான், முளை எனக்காக நேர் தெற்கு வடக்காக அடித்திருந்தது. முன்பு போனில் ஒரு தரம் நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார்கள். ரெம்பா அம்மா மடியில் கையை வைத்து அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். முழங்கால் வலியோடு குனிந்து வடக்கு முளையைப் பிடுங்கினேன். சார்ஜன் ஓடி வந்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எவ்வளவு என்று அந்த அம்மாவைக் கேட்டேன். அவர் எழுந்து வந்து, கிழக்குப் பக்கம் தள்ளி, செருப்பு நுனியால் புல்லில் ஓர் இடத்தைக் காட்டினார். இரண்டு சாண் இருக்கும். அங்கே ஊன்றினேன். என் கைக்கு முளை இறங்கவில்லை. அவரும் பிடித்து அழுத்தினார். பிறகு இரண்டு பேரும் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம்.

சிப்பாய்கள் வெட்டத் தொடங்கினார்கள். நான் தோட்டத்தில் தண்ணீர்க் கான் வெட்டியதைப் பார்த்தவள், மண்வெட்டி எங்கே வழுக்கும் என்று தெரியும். அடி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கோணலாக வைத்த அந்தக் கயிற்றை விட்டு அவர்கள் ஒரு விரல்கூட விலகவில்லை.